மலையிறங்கும் காற்று, நான்கு கட்டம்

‘ஆல்ப்ஸ் மலையின் வெப்பக் காற்று.’ ‘ஏட்ரியாட்டிக் கரையின் குளிர்காற்று.’ ‘ராக்கி மலையடிவாரத்தில் பனியைத் தின்பது.’ ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ஊறியவர்களுக்கு இவற்றைப் படித்து முடிக்கும் முன்பே விடை வந்துவிடும்: ஃபான், போரா, சினூக். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் தொடங்கிவைத்த இந்த விளையாட்டு, உலகத்தின் உள்ளூர்க் காற்றுகளை நிரந்தரக் கையிருப்பாக வைத்துக்கொண்டிருக்கிறது. புதிர் அமைப்பவர்களுக்கு வானிலையில் தனிப் பற்று இருப்பதாக நினைக்க வேண்டாம். உயிரெழுத்து மிகுந்த சின்னச் சொற்கள் கிடைத்தால்தான் கட்டத்தின் மூலைகளை அடைக்க முடியும். காற்றுகளின் பெயர்கள் அதற்கு வசதியாக அமைந்துவிட்டன.

இந்தக் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. சூடா குளிரா, ஈரமா வறட்சியா, எந்த ஊர் என்று சொன்னால் முடிந்தது. நம்மூர்ப் போட்டித் தேர்வுக் கையேடுகளில் ‘பொருத்துக’ என்ற தலைப்பின்கீழ் வருவதும் இதே சரக்குதான்: லூ தார் பாலைவனம், மிஸ்ட்ரல் பிரான்ஸ், சிராக்கோ வட ஆப்பிரிக்கா. மனப்பாடம் செய்துவிட்டால் மதிப்பெண் உறுதி. ஆனால் மேலே சொன்ன முதல் இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஃபான் மலையிலிருந்து இறங்கும் காற்று. போராவும் மலையிலிருந்து இறங்கும் காற்றுதான். வரைபடத்தில் இரண்டுக்கும் இடையே சில நூறு கிலோமீட்டர்கூடத் தேறாத இடங்கள் உண்டு. ஒன்று பனியை உருக்குகிறது. மற்றொன்று கடல் தெறிப்பைக் கரையிலேயே உறையவைக்கிறது. அப்படியென்றால் மலையிறங்கும் காற்று சூடாகுமா, குளிருமா?

சூடாகும். எப்போதுமே சூடாகும். கீழே வரவர அழுத்தம் கூடுகிறது, காற்று சுருங்குகிறது, சுருங்கும் காற்று சூடேறுகிறது. வெயில் படாமல், நெருப்பு மூட்டாமல், ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் ஏறும். போராவும் இதற்குக் கட்டுப்பட்டதுதான். புறப்பட்ட இடத்தில் இருந்ததைவிடக் கரையைத் தொடும்போது அது வெப்பம் கூடியே இருக்கிறது. பிறகு ஏன் அதைக் குளிர்காற்று என்கிறார்கள்? அது வந்து விரட்டியடிக்கும் கடலோரக் காற்று அதைவிட இதமாக இருந்ததால். குறிப்பில் இருக்கும் ‘குளிர்’ என்ற அடைமொழியை இட்டது வெப்பமானி இல்லை, ஏட்ரியாட்டிக் கரையிலுள்ள டிரியெஸ்ட் நகரத்து மக்களின் தோல். பெயர்பெற்ற காற்றுகளில் பெரும்பாலானவற்றின் அடைமொழிகள் இப்படிப்பட்டவைதான். ஒரு கரையில் நின்று சொன்னால் சரி. நூறு கிலோமீட்டர் தள்ளி நின்றால் தப்பு.

ஃபான் காற்றின் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்தது. தெற்கிலிருந்து வருகிறது, சூடாக இருக்கிறது, எலும்பு வறளும்படி ஈரமே இல்லாமல் இருக்கிறது. ஆகவே சகாராவின் மூச்சுக்காற்று இது என்று சுவிட்சர்லாந்தின் நிலவியலாளர் எஷர் ஃபான் டெர் லிந்த் போன்றவர்கள் நம்பினார்கள். பெர்லினில் இருந்த ஹைன்ரிக் டோவே ஒப்புக்கொள்ளவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் பக்கத்திலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வரும் காற்று என்றார். இருவரும் வெப்பத்துக்கு ஒரு பிறந்த ஊரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1866இல் ஆஸ்திரியாவின் யூலியுஸ் ஹான், அப்போது அவருக்கு 27 வயது, அப்படி ஓர் ஊரே வேண்டியதில்லை என்று காட்டினார். வெப்பம் பிறப்பது அந்த இறக்கத்தில்தான். கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலும் இதே மாதிரி வெப்பக் காற்று வீசுகிறது. அது வருவதோ உள்நாட்டுப் பனிப்பாளத்தின் மேலிருந்து. அங்கே எந்தச் சகாராவைக் காட்டுவது?

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். மலையின் தெற்கு அடிவாரத்தில் 20 டிகிரியில் ஈரக்காற்று ஒன்று இருக்கிறது. அது ஏறத் தொடங்குகிறது. முதல் 500 மீட்டரில் 5 டிகிரி இழந்து 15க்கு வருகிறது. அங்கே நீராவி குளிர்ந்து மேகமாகிறது, மழை கொட்டுகிறது. நீராவி நீராக மாறும்போது தான் ஒளித்துவைத்திருந்த வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதால், அதற்கு மேல் குளிர்வது மெதுவாகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரிதான். இன்னும் 2000 மீட்டர் ஏறி முகட்டைத் தொடும்போது 3 டிகிரி. மழையை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, வடக்குச் சரிவில் 2500 மீட்டர் இறங்குகிறது. இப்போது மேகமில்லை, ஆகவே முழு வீதத்தில், ஆயிரம் மீட்டருக்கு 10 டிகிரி. 3 டிகிரியுடன் 25ஐக் கூட்டினால் 28. ஏறிய இடத்தில் 20, இறங்கிய இடத்தில் 28. இடையில் எந்தப் பாலைவனமும் குறுக்கிடவில்லை.

அழகான கணக்கு, பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் ஆல்ப்ஸில் ஒரு துளி மழைகூடப் பெய்யாமல் ஃபான் வீசும் நாட்கள் ஏராளம். அப்போது நடப்பது வேறு. தெற்குப் பக்கத்தில் தாழ்வாகக் கிடக்கும் குளிர்ந்த, கனத்த காற்றுக்கு மலையைத் தாண்டத் தெம்பில்லை, அங்கேயே தேங்கிவிடுகிறது. முகட்டின் உயரத்தில் ஏற்கெனவே இருந்த காற்றுதான் வழிந்து மறுபக்கம் இறங்குகிறது. அது ஏறவே இல்லை, குளிரவும் இல்லை. இறங்கும்போது சூடாவது மட்டும் நடக்கிறது. ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ எல்விட்ஜும் இயன் ரென்ஃப்ரூவும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஃபான் வெப்பத்துக்கு நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டியது: மழை விட்டுச்சென்ற வெப்பம், மேலிருந்து வழியும் காற்று, சரிவில் புரண்டு கலக்கும் கொந்தளிப்பு, மேகம் விலகியதால் நேராக விழும் வெயில். எது முந்தும் என்பது நாளுக்கு நாள் மாறும். ‘மழை மறைவுப் பக்கத்து வெப்பக் காற்று’ என்ற குறிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. விடை ஒன்றே, வந்த வழி நான்கு.

சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு இது புதிரும் இல்லை, கணக்கும் இல்லை. 1861 மே 10 இரவு கிளாருஸ் நகரத்தில் பிடித்த தீயை ஃபான் ஊதிப் பெருக்கியது. மறுநாள் விடிந்தபோது சுமார் 600 கட்டடங்கள், அதாவது ஊரில் மூன்றில் இரண்டு பங்கு, சாம்பல். மரவீடுகள் காய்ந்து முறுகிக் கிடக்கும் நேரத்தில் வீசும் காற்று அது. அதனால்தான் பல மலைக் கிராமங்களில் ஃபான் வீசும் இரவுகளில் ஊர்க்காவல் போடுவார்கள். வெளியில் புகைபிடிக்கவும் தடை இருந்தது. மறுபக்கம், வசந்தத்தில் பனியை ஒரேயடியாகக் கரைத்து மேய்ச்சல் நிலத்தைத் திறந்துவிடுவதும், இலையுதிர் காலத்தில் திராட்சையைப் பழுக்கவைப்பதும் இதே காற்றுதான்.

அமெரிக்காவில் இதன் உறவினர் சினூக். தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் என்ற சிற்றூரில் 1943 ஜனவரி 22 காலை 7.30க்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி. இரண்டே நிமிடத்தில் உறைநிலைக்கு மேலே 7. ஜன்னல் கண்ணாடிகள் விரிந்து வெடித்தன. 9 மணிக்கு 12 டிகிரி தொட்டுவிட்டு, அடுத்த அரை மணி நேரத்துக்குள் மறுபடி பழைய குளிருக்கே போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் ஒரு காற்று 27 டிகிரி சூடாகிவிடவில்லை. தரையில் படிந்திருந்த குளிர்காற்றின் விளிம்பு ஊரின் மீது முன்னும் பின்னும் அசைந்தது, அவ்வளவே. ஊர் கொஞ்ச நேரம் ஒரு காற்றுக்குள் இருந்தது, பிறகு வேறொரு காற்றுக்குள். கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவும் ஏறத்தாழ இந்தக் குடும்பம். ஆனால் அது மழை பொழிந்து வருவதில்லை, உள்நாட்டு உயர்பாலைவனத்தில் சேர்ந்து கிடந்த காற்று கணவாய்கள் வழியே கடலை நோக்கிச் சரிகிறது. 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி மூண்ட தீயை நகருக்குள் விரட்டியது அதுதான்.

இனி போரா. டிரியெஸ்ட் நகரத்துக்குப் பின்னால் கார்ஸ்ட் மேட்டுநிலம் இருக்கிறது. ஆல்ப்ஸோடு ஒப்பிட்டால் அது ஒரு திண்ணைதான். சில நூறு மீட்டர் உயரம். குளிர்காலத்தில் அதற்கும் அப்பால், ஸ்லோவேனியா, ஹங்கேரிச் சமவெளிகளில், உறைந்த காற்று குவிந்து நிற்கும். உறைநிலைக்குக் கீழே 5 டிகிரியில் இருக்கும் காற்று 500 மீட்டர் இறங்கினால் 5 டிகிரி ஏறி, சரியாக உறைநிலையில் கரைக்கு வரும். துறைமுகத்தில் அதுவரை 8 டிகிரி இருந்திருக்கும். சூடாகித்தான் வந்தது, ஆனால் போதுமான அளவு விழவில்லை. இதே காற்றை ஆல்ப்ஸ் உயரத்திலிருந்து தள்ளிவிட்டிருந்தால் புதிரில் அதன் அடைமொழி தலைகீழாகியிருக்கும்.

வேகம்தான் போராவின் தனிச்சிறப்பு. டிரியெஸ்ட்டில் அதன் வீச்சு மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டியதுண்டு. குரோவேஷியாவின் செஞ் நகரில் இன்னும் மோசம். டிரியெஸ்ட்டின் சரிவான தெருக்களில் நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டிவைப்பது பழைய வழக்கம். 2012 பிப்ரவரியில் நாள்கணக்கில் வீசிய போராவில், கடலுக்குள் நீளும் கல்மேடை முழுக்கத் தெறித்த நீர் பனிக்கட்டியாக இறுகியது. இந்த வேகத்தை வெறுமனே ‘கனத்த காற்று கீழே விழுகிறது’ என்று சொல்லி விளக்க முடியாது. அப்படி விழுவது இவ்வளவு வேகம் தராது. 1982இல் ஆல்பெக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வுத் திட்டத்தில் விமானங்கள் இந்தக் காற்றுக்குள்ளேயே பறந்து அளந்தன. கிடைத்த படம் ஆற்றுப்பாசனம் தெரிந்தவர்களுக்குப் பழக்கமானது. ஏரி நிரம்பிக் கலிங்கு வழியே வழியும்போது, மேலே மெதுவாகவும் கனமாகவும் இருக்கும் தண்ணீர் சரிவில் மெல்லிய தகடாகி விரைகிறது. அடியில் தரையைத் தொட்டதும் திடீரென்று எழும்பிக் குமுறுகிறது. போரா அப்படித்தான் வழிகிறது. குளிர்காற்றுப் படலம் முகட்டைத் தாண்டியதும் மெலிந்து பாய்ந்து, கரையோரத்தில் அல்லது சற்றே கடலுக்குள் போய்க் குமுறி எழுகிறது. டிரியெஸ்ட்டில் போராவுக்கென்று ஒரு குட்டி அருங்காட்சியகம் உண்டு. உலகத்தின் பல காற்றுகளைப் புட்டியில் அடைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்திருக்கிறார்கள். புட்டியில் அடைத்த நொடியே காற்று காற்றாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும், அதுதான் வேடிக்கை.

குறுக்கெழுத்துப் பித்து முற்றிய பிரிட்டனுக்குச் சொந்தமாக ஒரே ஒரு பெயருள்ள காற்றுதான் இருக்கிறது: ஹெல்ம். கம்ப்ரியாவில் 893 மீட்டர் உயரமுள்ள கிராஸ் ஃபெல் குன்றின் மேற்குச் சரிவில், ஈடன் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் முரட்டுக் காற்று. குன்றின் மேல் தொப்பி போல ஒரு மேகம் படிந்திருக்கும். சில கிலோமீட்டர் தள்ளி அதற்கு இணையாக ஒரு மேகக்கோடு அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மட்டும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். கோட்டைத் தாண்டினால் அமைதி. 1930களின் பிற்பகுதியில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் கோர்டன் மேன்லி, பக்கத்திலிருந்த கிரேட் டன் ஃபெல் உச்சியில் ஒரு குடிசை போட்டு, கருவிகளோடு போய்ப் போய்த் தங்கி இதைப் பதிவுசெய்தார். மலையைத் தாண்டிய காற்று அலையாக மடிந்து நிற்கிறது, அந்த மேகக்கோடு அலையின் முகடு என்று அவர் கண்டுகொண்டார். மலைக்குப் பின்னால் நிற்கும் காற்றலைகளைப் பற்றி இன்று விமானிகளும் கிளைடர் ஓட்டுபவர்களும் அறிந்துவைத்திருப்பதில் இந்தக் குடிசைக்கும் பங்கு உண்டு. குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மிஸ்ட்ரல் தெரிகிற அளவுக்குத் தங்கள் வீட்டுக் கொல்லையின் ஹெல்ம் தெரிவதில்லை என்பது எனக்கு ஓர் ஆற்றாமை.

மிஸ்ட்ரல் மலையிறங்கும் காற்று என்பதைவிட, இரு மலைகளுக்கு நடுவே நுழையும் காற்று. ஜெனோவா வளைகுடாவில் ஒரு தாழ்வழுத்தம் உருவானால், ஆல்ப்ஸுக்கும் பிரான்ஸின் மத்திய மேட்டுநிலத்துக்கும் இடையிலுள்ள ரோன் பள்ளத்தாக்கு வழியே வடக்கத்திக் குளிர்காற்று தெற்கே உறிஞ்சப்படுகிறது. குறுகலான இடத்தில் காற்று நசுங்கி வேகமெடுக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். முழு உண்மை அது இல்லை. இப்படிப்பட்ட காற்றுகள் பெரும்பாலும் மிகக் குறுகிய இடத்தில் உச்சம் தொடுவதில்லை. அழுத்த வேறுபாடு வழிநெடுகத் தள்ளித் தள்ளி, வாசலுக்கு வெளியேதான் வேகம் உச்சத்துக்குப் போகிறது. புரோவான்ஸ் கிராமத்துப் பழைய வீடுகளின் வடக்குச் சுவரில் ஜன்னல் தேடிப் பயனில்லை. வயல்களின் விளிம்பில் சைப்ரஸ் மரவரிசை. தேவாலயக் கோபுரங்களின் மணி தொங்கும் கூண்டு காற்று புகுந்து வெளியேறும்படி இரும்புக் கம்பியால் ஆனது. மேகத்தையும் தூசியையும் துடைத்துவிடுவதால் வானம் அப்படி ஒரு நீலம். அந்த ஒளிக்காக ஆர்ல் நகருக்கு வந்த வான்கோ, 1888இல் தன் ஓவியச் சட்டகத்தை இந்தக் காற்றுக்குத் தப்பவைக்கத் தரையில் முளையடித்துக் கட்டி வரைந்தார்.

நமக்கு இது அயல் சங்கதி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நுழைந்து வரும் பாலக்காட்டுக் கணவாயும் ஆரல்வாய்மொழியும் இதே வகை. ஆரல்வாய்மொழி வாசலுக்கு வெளியே முப்பந்தலில் காற்றாலைகள் நெருக்கியடித்து நிற்பதற்கு, இடைவெளிக்கு வெளியேதான் காற்று தன் முழு வேகத்தைக் காட்டும் என்ற அந்த இயல்பும் ஒரு காரணம்.

சிராக்கோவுக்கு வருவோம். புதிர்களில் இதற்கு இரண்டு குறிப்புகள் மாறி மாறி வரும்: ‘வறண்ட பாலைவனக் காற்று’, ‘புழுக்கமான தென்காற்று’. இரண்டும் சரி. சகாராவிலிருந்து புறப்படும்போது அது வறட்சியின் உச்சம். லிபியாவில் அதைக் கிப்லி என்பார்கள். மத்தியதரைக் கடலைத் தாண்டும்போது தண்ணீரைக் குடித்துக் குடித்து, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இத்தாலிக்கும் போய்ச் சேர்வதற்குள் துணி உலராத, சுவர் வியர்க்கும் காற்றாகிவிடுகிறது. அதோடு நிற்காமல் ஏட்ரியாட்டிக் கடலின் நீளவாக்கில் தென்கிழக்கிலிருந்து ஊதி, அந்தக் குறுகிய கடலின் தண்ணீரை வடக்கு முனைக்குத் தள்ளுகிறது. முனையில் இருப்பது வெனிஸ். 1966 நவம்பர் 4 அன்று விடாமல் வீசிய சிராக்கோ, ஏறிய ஓதத்தை வடியவே விடவில்லை. நீர்மட்டம் 194 சென்டிமீட்டர் உயர்ந்தது. அந்த நாளின் அதிர்ச்சியில் பிறந்த யோசனைதான் பல பத்தாண்டுகள் இழுத்தடித்து, 78 மதகுகளுடன் 2020 அக்டோபர் 3இல் முதல்முறையாக எழுந்து நின்ற மோசே தடுப்பு. பாலைவனக் காற்று ஒரு நகரத்தை வெள்ளத்தில் மூழ்கடிக்கிறது என்று குறிப்பு எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

லிபியாவைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். உலகிலேயே அதிக வெப்பம் பதிவான இடம் எது என்ற குறிப்புக்கு ஒரு காலத்தில் எல்லோரும் எழுதிய விடை அல் அசீசியா. 1922 செப்டம்பர் 13, 58 டிகிரி. 2012இல் உலக வானிலை அமைப்பு அதைத் தள்ளுபடி செய்தது. பழக்கமில்லாத ஒருவர் கருவியைத் தவறாகப் படித்ததில் சுமார் 7 டிகிரி கூடிவிட்டது என்பது முடிவு. இப்போதைய விடை கலிஃபோர்னியாவின் டெத் வேலி, 56.7 டிகிரி, 1913 ஜூலை 10. குறுக்கெழுத்து பிறந்த அதே ஆண்டு. பழைய புதிர்த் தொகுப்புகளை வைத்துக்கொண்டு கட்டம் நிரப்புகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஹர்மாட்டானைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். நவம்பர் இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வடகிழக்கிலிருந்து வீசும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், மரச்சாமான் பிளக்கும், புழுதி மறைத்து விமானங்கள் நின்றுபோகும். ஆனால் கினி வளைகுடாக் கரையில் இதன் செல்லப்பெயர் ‘டாக்டர்’. ஆண்டு முழுதும் புழுக்கத்தில் வெந்தவர்களுக்கு வறண்ட காற்று மருந்தாகத்தானே படும்? டாக்டர் பட்டம் வாங்கிய காற்றுகள் இன்னும் உண்டு. பெர்த் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு ஃப்ரீமேன்டில் டாக்டர் தெரிந்திருக்கும். பிற்பகலில் கடலிலிருந்து வந்து பாலைவெயிலைத் தணிக்கும், பந்தையும் கொஞ்சம் வளைக்கும். அங்கே ஈரக்காற்று டாக்டர், இங்கே வறண்ட காற்று டாக்டர். நோய் எதுவோ அதற்கேற்ற வைத்தியர்.

ஹர்மாட்டான் உண்மையில் நோயும் கொண்டுவருகிறது. செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை 26 நாடுகளைத் தொட்டுச் செல்லும் ஒரு பட்டையில் மூளையுறை அழற்சி கொள்ளைநோயாகக் கிளம்புவது இந்த வறண்ட, புழுதி படிந்த மாதங்களில்தான். மூக்கு, தொண்டையின் உட்சவ்வு காய்ந்து புண்ணாவது கிருமிக்கு வழிவிடுகிறது என்று கருதப்படுகிறது. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் தொடங்கிய தடுப்பூசி இயக்கம் அதன் ‘ஏ’ வகையைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்கியது. அந்த மருந்தைத் தயாரித்தது புணேயின் சீரம் நிறுவனம்; தொடக்கத்தில் ஊசி ஒன்றின் விலை அரை டாலருக்கும் குறைவாக இருந்தது.

புழுதியின் பிறப்பிடம் பெரும்பாலும் சாட் நாட்டின் போடெலே பள்ளம். ஒரு காலத்தில் பேரேரியாகக் கிடந்து வற்றிய தரை. நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் மாவாகப் படிந்திருக்கின்றன. மேலே டிபெஸ்தி, என்னெடி என்று இரு மலைத்தொகுதிகள், நடுவில் இடைவெளி, இடைவெளியின் வாசலில் அந்தப் பள்ளம். மிஸ்ட்ரலும் முப்பந்தலும் சொன்ன கதையேதான், காற்றாலைக்குப் பதிலாகத் தூசி. ஆண்டுக்குச் சராசரியாக 18.2 கோடி டன் புழுதி ஆப்பிரிக்காவை விட்டு அட்லாண்டிக்குக்கு மேல் செல்கிறது என்று 2007 முதல் 2013 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து நாசா ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் சுமார் 2.77 கோடி டன் அமேசான் படுகையில் விழுகிறது. அதனுள்ளே ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸ். அந்தக் காடு மழையிலும் வெள்ளத்திலும் இழக்கும் பாஸ்பரஸும் ஏறக்குறைய அவ்வளவே. லாகோஸில் இருமவைப்பது பிரேசிலில் உரம்.

தமிழில் குறுக்கெழுத்து போடும்போது கணக்கு மாறிவிடுகிறது. மெய்க்கு ஒரு கட்டம், உயிர்மெய்க்கு ஒரு கட்டம் என்பதால் போராவும் வாடையும் இரண்டிரண்டு கட்டங்களில் அடங்கிவிடும். கொண்டலும் தென்றலும் நான்கு கேட்கும். ஈழத்துக் கடற்கரைகளில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு காற்றுண்டு. இவற்றில் கச்சான்தான் நம் கதைக்கு உரியது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மத்திய மலைநாட்டில் மோதி, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்புக்கு வரும்போது அது வறண்ட, கொதிக்கும் மேல்காற்று. பகலில் வரவேண்டிய கடற்காற்றைக்கூடக் கரையேற விடாமல் எதிர்த்து நின்று, வெப்பத்தை 38 டிகிரிவரை கொண்டுபோய்விடும். முழுக்க முழுக்க ஃபான். அமெரிக்க வானிலைச் சங்கத்தின் கலைச்சொல் தொகுப்பிலும் ஃபான் வகைக் காற்றுகளில் ஒன்றாகக் கச்சான் இடம்பெற்றிருக்கிறது. ஈழத்தில் வேர்க்கடலைக்கும் அதே பெயர் என்பதால் ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன்: ‘நாம் வறுத்தால் கொறிக்கலாம், அது வறுத்தால் ஒதுங்கலாம் (4)’. தமிழ்ப் புதிர்ப் பக்கங்கள் மிஸ்ட்ரலைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கலாம்.

பெயர்கள் எல்லாம் ஆள் நடமாட்டமுள்ள இடங்களில் முளைத்தவை. கிரீன்லாந்தின் பனிப்பாளத்திலிருந்து கிழக்குக் கரைக்குச் சரியும் சூறைக்குப் பிடெராக் என்று பெயர் இருக்கிறது, ஏனென்றால் கீழே தாசிலாக் என்ற ஊர் இருக்கிறது. 1970 பிப்ரவரி 6 அன்று அந்த ஊரையே அது புரட்டிப்போட்டது. கடல்மட்டத்தில் உலகின் மிகக் கடுமையான காற்றுள்ள இடமோ அண்டார்க்டிகாவின் கேப் டெனிசன். டக்ளஸ் மாசனின் குழு 1912இல் அங்கே குடிலமைத்தபோது அளந்த ஆண்டுச் சராசரி மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஒரு புயல் நாளின் அளவு இல்லை. வருடம் முழுவதற்குமான சராசரி. போராவைப் போலவே சரிவில் வழியும் குளிர்காற்று, ஆனால் போராவைப் போல நான்கைந்து நாளில் ஓய்வதில்லை. எந்தக் குறுக்கெழுத்திலும் அதற்கென்று ஒரு பெயர் கிடையாது. சரிவுக்காற்று என்ற பொதுச்சொல்லோடு விட்டுவிடுகிறார்கள்.

அதே கண்டத்தின் மறுகோடியில், அண்டார்க்டிக் தீபகற்பத்தின் முனையில், அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா நிலையம் இருக்கிறது. 2020 பிப்ரவரி 6 அன்று அங்கே 18.3 டிகிரி பதிவாயிற்று. அண்டார்க்டிகக் கண்டத்திலேயே இதுவரை இல்லாத வெப்பம் என்று அடுத்த ஆண்டு உலக வானிலை அமைப்பு உறுதிசெய்தது. மலையைத் தாண்டி இறங்கிய காற்றுதான் காரணம். எல்விட்ஜும் ரென்ஃப்ரூவும் தங்கள் நான்கு வழிகளைப் பிரித்தெடுத்ததும் இந்தத் தீபகற்பத்தில்தான். லார்சன்-சி பனித்தட்டின் மீது இந்தக் காற்று எவ்வளவு அடிக்கடி இறங்கி, மேற்பரப்பை எவ்வளவு உருக்குகிறது என்பதை இப்போது ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். அறிக்கைகளில் அதைக் குறிக்க அவர்களிடம் உள்ளூர்ப் பெயர் ஏதுமில்லை. ஆல்ப்ஸ் அடிவாரத்து விவசாயிகளிடமிருந்து கடன் வாங்கி, ஃபான் என்றே எழுதுகிறார்கள்.